பாறை இல்லை

ஆய்வுக் கப்பலின் அடியிலிருந்து போகும் ஒலி கடல்தரையில் முட்டித் திரும்பத் திரும்ப, திரையில் பழுப்பு நிறம் வரிவரியாக இறங்குகிறது. மேடு, பள்ளம், அப்புறம் நீளமாக ஒரு நிழல். டீ கொண்டுவந்த சமையல்காரர் தட்டோடு அப்படியே நிற்கிறார். "சார், அது காணாமப்போன என் தம்பி படகு. மூக்கு இடப்பக்கம் வளைஞ்சிருக்கு பாருங்க." தலைமை ஆய்வாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிகிறார். "அட, படகேதான். நல்லவேளை, பாறைன்னு எழுதியிருப்பேன்." "இடத்தை மட்டும் குறிச்சுக் குடுங்க சார். அவன் பொண்டாட்டி இன்னும் வாசலையே பாத்துக்கிட்டிருக்கா." "நமக்கு மண்ணும் பாறையும்தான்யா வேலை. குப்பை இருந்தா வரைபடத்தைத் திருப்பி அனுப்பிடுவாங்க." திரையில் நிழலைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறார், சுட்டியில் ஒரு சொடுக்கு. பக்கத்து நிறம் வந்து நிழலை மூடிக்கொள்கிறது. அதன்மேல் 'மணல்' என்று எழுதிவிட்டு, டீயை ஒரு வாய் குடித்து முகம் சுளிக்கிறார். "என்னய்யா, சர்க்கரையே இல்ல?" கப்பல் அளக்க வேண்டிய அடுத்த வரிக்குத் திரும்புகிறது. சமையல்காரர் சர்க்கரை எடுத்துவரப் போகிறார்.