எண்ணெயில் இறங்கிய தண்ணீர்

சோதனைக் கருவியின் பேனா வரைபடத் தாளில் கொஞ்ச தூரம்தான் ஓடியது. அதற்குள் அகலமான ஒரு பள்ளத்தில் இறங்கிவிட்டது.

ஞானசௌந்தரி குனிந்து பார்த்தாள். அகச்சிவப்புக் கதிரை எண்ணெய்க்குள் செலுத்தினால், அதில் கலந்திருக்கும் ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் கதிரை விழுங்கிக் காட்டிக்கொடுக்கும். இந்தப் பள்ளம் தண்ணீருடையது.

எண்ணெயை நடுவில் பிடித்திருந்த உப்பு வில்லைகளைக் கழற்றினாள். கண்ணாடிபோல இருந்தவை பனி படிந்ததுபோல மங்கிக் கிடந்தன. தண்ணீர் பட்டால்தான் அப்படி ஆகும்.

சந்தேகமே இல்லை.

குப்பியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். கஸ்பார், புன்னக்காயல். விசைப்படகு எஞ்சின். கீழே ஒரு எஸ்.டி.டி. பூத்தின் நம்பர்.

அந்த மனிதரை நினைவிருந்தது. ஊறுகாய்க் குப்பியில் கறுப்பு எண்ணெயை ஊற்றி, மஞ்சள் பையில் சுற்றி, இரண்டு பஸ் மாறிப் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தார். எஞ்சின் சத்தம் சரியில்லையாம். பிரித்துப் பார்த்தால் மீன் காலம் கைவிட்டுப் போகும், பிரிக்காமலே சொல்ல முடியுமா என்று கேட்டார்.

முடியும் என்றாள். மறுநாளே கருவியின் விளக்கு போய்விட்டது. மெட்ராஸிலிருந்து மாற்று விளக்கு இன்று காலையில்தான் வந்தது. இடையில் பத்து நாள் ஓடிவிட்டது.

கடல் தண்ணீர் கசிந்து எஞ்சினுக்குள் போகிறது. எந்த நிமிஷமும் அது இறுகி நின்றுவிடும்.

மூன்றாவது தடவைதான் லைன் கிடைத்தது.

"அண்ணாச்சி, கஸ்பார் அண்ணாச்சிட்ட உடனே சொல்லணும். லாஞ்சிய எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. ஆயில்ல தண்ணி எறங்கியிருக்கு."

மறுமுனையில் எடுத்தது பூத்துக்காரர்.

"அவரு விடியக்காலையிலேயே போயிட்டாரும்மா."

"வேற லாஞ்சி எதையாவது அனுப்ப முடியுமா?"

"எல்லாமே கடல்லதான் கெடக்கு. எந்தப் பக்கம்னு போய்த் தேட? இப்பம் காத்து வேற ஏறிக்கிட்டு வருது."

படகில் வயர்லெஸ் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றார். ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

அவரே தொடர்ந்தார்.

"உங்க பதில் வராம எடுக்க மாட்டேன்னுதான் பத்து நாளும் கரையில கெடந்தாரு. நேத்து சாயங்காலம் இங்கன இருந்துதான் உங்க ஆபீசுக்குப் போன் போட்டாரு. ஒரு பொம்பளை எடுத்து, கோளாறு எதுவும் இருந்தா நாங்களே சொல்லியிருப்போமேன்னு சொல்லி வச்சிட்டாங்களாம். அத நம்பித்தான் மவனையும் மருமவனையும் ஏத்திக்கிட்டுப் போனாரு."

அந்தச் சோதனைக்கூடத்தில் பெண் என்று இருந்தது ஞானசௌந்தரி ஒருத்திதான்.