கழுவத் தெரியாத கை

முத்துமீனா இரண்டு குடுவைகளையும் கமிட்டி முன்னால் வைத்தாள். சத்தம் கேட்கட்டும் என்றே வைத்தாள்.

"இதுல எதும்மா பிளாங்க்?" என்றார் பாண்டியராஜன் சார். அவளுடைய ஆராய்ச்சி கைடு.

"ரெண்டுமே பிளாங்க்தான் சார். ரெண்டுலயும் மெட்டல் போடல."

சாருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மாங்கனீசு. ஆல்கஹாலில் அதை ஒரு சிட்டிகை போட்டுச் சூடாக்கினால், காற்றிலிருக்கும் ஆக்சிஜன் வந்து வேலை பார்த்துவிடும். குடுவையைத் திறந்தால் பாதாம்பால் கடை வாசனை. மாங்கனீசு போடாவிட்டால் வாசனை வராது. வரக் கூடாது.

முத்துமீனா கைக்கு மட்டும் போட்டாலும் வரவில்லை. நாலு வருஷமாக.

"ஒனக்குக் கைராசி இல்லக்கா," என்பான் பக்கத்து மேஜை அழகுபாண்டி. "புது பீட்ட எதுக்குப் போட்டுக்கிட்டுக் கெடக்க? பெரியவரப் போடு. கும்புட்டுப் போடு."

பீட் என்றால் குடுவைக்குள் சுழன்று கலக்குகிற சின்னக் காந்தம், மேலே வெள்ளை உறை. பெரியவர் என்பது லேபிலேயே பழைய பீட். யாரோ ஒருத்தி ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுப்போனபோது அவள் டிராயரில் கிடந்தது. ஏன் போனாள் என்று யாருக்கும் தெரியாது. உறை வெடித்து, வெடிப்பெல்லாம் கறுத்துப்போன பீட். அதைப் போட்டால் எவன் செய்தாலும் ரியாக்‌ஷன் ஓடும். ஆயுத பூஜையன்று மெஷின்களுக்கெல்லாம் முந்திச் சந்தனமும் குங்குமமும் அதற்குத்தான்.

முத்துமீனா அதைத் தொடவில்லை. பிடிவாதம்.

இன்றைக்குக் கமிட்டி தலையாட்டிவிட்டால் அவள் ஆராய்ச்சிப் பதிவு ரத்து. சாயங்காலம் சொந்த ஊருக்கு, எழுமலை பஸ்.

போவதென்றால் கேட்டுவிட்டே போவது என்றுதான் காலையில் அந்தப் பெரியவரை முதன்முதலாகக் கையில் எடுத்தாள்.

"இதுல புது பீட்டு." மூடியைத் திறந்து, வெளி யுனிவர்சிட்டியிலிருந்து கமிட்டிக்கு வந்திருந்த சத்யப்ரியா மேடத்திடம் நீட்டினாள். மேடம் கையால் விசிறிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல பெரியவர்."

இதை யாரும் விசிறிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அறை முழுக்கப் பாதாம்பால்.

மாங்கனீசு ஒரு துணுக்குகூட இல்லை. வாசனை மட்டும் வந்து நின்றது.

சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "முன்ன போட்டது ஒட்டிக் கெடந்திருக்கும். மொதல்ல ஒழுங்காக் கழுவக் கத்துக்கம்மா! கழுவத் தெரியாத கைய வச்சுக்கிட்டு என்னைய எதுத்துப் பேச வந்துட்டா!"

"கழுவுனேன் சார். ஆசிட்ல ஊறப்போட்டுத்தான் கழுவுனேன். மாங்கனீசுன்னா அப்பவே கரைஞ்சு போயிருக்கும்." இடுக்கியை எடுத்துக் குடுவைப் பக்கம் நீட்டிக் காட்டினாள். "ஆசிட்டுக்கும் அசையாத வேற ஏதோ ஒண்ணு அந்த வெடிப்புக்குள்ள இருக்கு. வாசனையக் கொண்டாறது அதுதான். அது என்னன்னு பாக்கணும்னு கேட்டா, எல்லாருமாச் சேந்து கைராசி இல்லைன்னீங்க. என் பதிவ ரத்து பண்ணிக்கங்க சார். இத எழுதிட்டுப் பண்ணுங்க."

சார் கமிட்டியைப் பார்த்தார். காலையிலிருந்தே சத்யப்ரியா மேடத்தின் பக்கம் மட்டும் அவர் திரும்பவில்லை. இப்போதும் திரும்பவில்லை. பெரிய மனுஷன் கெத்து என்று முத்துமீனா நினைத்திருந்தாள்.

மேடம் இடுக்கியை வாங்கிப் பெரியவரைத் தூக்கினார். டிஷ்யூவில் துடைத்தார். வெடிப்பு இருக்கிற பக்கத்தைத் தேடவில்லை. நேராக அங்கேதான் திருப்பினார்.

"ருத்தேனியம்மா. அதுவும் ஒரு மெட்டல்தான்," என்றார் முத்துமீனாவிடம். "இம்புட்டு வருஷம் கழிச்சும் ஓடுது பாரு."

பிறகு பீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"அன்னைக்கும் நான் நல்லாத்தான் கழுவியிருந்தேன் சார்."