பூசைக்கும் ஊர்வலத்துக்கும் ஒரே பெட்டி

செஞ்சி மைக்செட் கடையில் கிதாரும் கையுமாக நிற்கிறான் பிலவேந்திரன். நாளைக்குத் தங்கைக்குக் கல்யாணம். காலையில் மாதா கோயில் பூசைக்கு மெல்ல வாசிக்க வேண்டும்; சாயங்கால ஊர்வலத்தில் அதிர வைக்க வேண்டும். கையிலிருக்கும் காசுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர்தான் வாடகைக்குக் கிடைக்கும். சின்னப் பெட்டி தேனாய்ப் பாடுகிறது. முழுக்கத் திருகினாலும் மேலே உட்கார்ந்திருக்கும் ஈ அசையவில்லை. பெரியதைத் தொட்டதுமே ராஜகிரிக் கோட்டை மலைக் குரங்குகள் குட்டிகளோடு எதிரே கிருஷ்ணகிரி மலைக்குக் குடிபோகின்றன. மறுபடி சின்னது, திரும்பி வருகின்றன. மறுபடி பெரியது. "பெருசையே மெல்ல வெய்யேன்டா," என்கிறார் கடைக்காரர் வீராசாமி. "மெல்ல வெச்சா கொறட்டை வுடுதுண்ணா. சாமியாரே தூங்கிடுவாரு!" வெயில் சாய்கிறது. பிலவேந்திரன் எரிச்சலோடு ஒயரைப் பிடுங்குகிறான், மாட்டுகிறான். குரங்குகள் நடுரோட்டில் உட்கார்ந்து கடையையே பார்க்கின்றன. "சட்டுனு ஒண்ணச் சொல்லுடா," என்கிறார் வீராசாமி. "ராத்திரிக்கு எந்த மலைன்னு அதுங்களுக்கும் தெரியணுமில்ல?"