முட்டைக்குப் போட்ட படிகாரம்

"படிகாரத்தை எங்கேந்து எடுத்த?"

மேடைமேல் கிடந்த வெள்ளைத் துண்டைப் பார்த்துவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று கேட்டான் ஜெயகரன். மனைவி நேசமணி திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பில் வெங்காயத் தோல் கொதித்துக்கொண்டிருந்தது. கீழே ஒரு பாத்திரத்தில் பீட்ரூட் தண்ணீர், இன்னொன்றில் மஞ்சள். விடிந்தால் ஈஸ்டர்.

"பரண் மேலேந்துதான். பவுடர் டப்பாவுல வெள்ளையா கட்டி கட்டியா இருந்துச்சே. அது போட்டாதான் முட்டையில சாயம் நல்லா ஒட்டும்."

 அது படிகாரம் இல்லை. தங்கம் பிரிக்க மில்லில் போடும் சயனைடு. ஜெயகரன் வேலை பார்த்த தங்க மைன்ஸை மூடிய அன்று, கடைசி ஷிஃப்ட் முடிந்து வரும்போது யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து பரணில் ஒளித்திருந்தான். அதைச் சொல்லலாம்தான். சொன்னால் ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்பாளே.

"எதுல போட்ட?"

"மூணு பாத்திரத்துலயும்தான். இன்னா இப்ப?"

"அந்த முட்டையெல்லாம் வேணாம். கொட்டிடு."

"இன்னாத்துக்கு?"

"நாறுது. அழுகின முட்டை."

"பேத்தமங்களா சந்தையிலேந்து காலையிலதான் வந்துச்சு. ஒவ்வொண்ணா தண்ணியில போட்டுப் பாத்துதான் வேக வச்சேன். நல்ல முட்டைங்க."

"கொட்டுன்னா கொட்டு நேசா."

"காரணத்தைச் சொல்லுங்க. கொட்டறேன்."

இப்போதுதான் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அவனால் அவளைப் பார்க்க முடியவில்லை. தட்டில் பழுப்பும் ரோஸும் மஞ்சளுமாக முட்டைகள் பளபளத்தன. அழகாகத்தான் வந்திருந்தன, பாழாய்ப்போன முட்டைகள்.

"யாருக்காவது குடுத்தியா?"

"மங்கம்மா அக்கா வீட்டுக்கு ஒரு தட்டு குடுத்தேன். வருஷா வருஷம் குடுக்கறதுதான."

ஜெயகரன் ஓடினான். பக்கத்து வீட்டு மங்கம்மா தட்டை மேசைமேல் வைத்து, மேலே ஒரு துணியும் போட்டு மூடியிருந்தாள். தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பினான். "இன்னாப்பா, குடுத்ததைத் திருப்பி வாங்கறீங்க?" என்று அவள் பின்னால் கேட்டது காதில் விழுந்தது. ஒரு முட்டைகூடக் குறையவில்லை. கர்த்தரே என்று மூச்சு விட்டான். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் இன்னொரு நினைப்பு வந்தது.

"வின்னி எங்க?"

"கொல்லையில விளையாடிகினு இருந்தா."

வின்னி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியெல்லாம் மஞ்சள் ஓடு. கையில் பாதி முட்டை.

தட்டு கீழே விழுந்ததை ஜெயகரன் கவனிக்கவில்லை. மகள் கையிலிருந்ததைத் தட்டிவிட்டு, அவள் வாய்க்குள் விரலை விட்டான்.

"துப்புடி கண்ணு. துப்பு."

"முழுங்கிட்டேன் டாடி," என்று வின்னி அழ ஆரம்பித்தாள்.

 குழந்தையை மார்போடு அணைத்தபடி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். பத்து வயதுப் பிள்ளை, நல்ல கனம். அந்தக் கனம்கூட அவன் கைக்குத் தெரியவில்லை.

"நேசா, ஆட்டோ கூப்புடு. ஆஸ்பத்திரிக்குப் போணும். அது படிகாரம் இல்ல. மில்லுலேந்து நான் கொண்டாந்த சயனைடு."

பின்னாலேயே வந்து நின்ற நேசமணி அசையவில்லை.

"இன்னாத்துக்குக் கொண்டாந்தீங்க?"

"மில்லு கழிச்சுப் போட்ட டம்ப் மண்ணைக் கழுவி தங்கம் எடுக்கலாம்னுதான். நாலு பேரு எடுக்கறாங்களே. அதெல்லாம் அப்புறம் கேளு. கால்ல வேணா விழறேன், ஆட்டோவைக் கூப்புடு."

நேசமணி குனிந்தாள். மண்ணில் கிடந்த பாதி முட்டையை எடுத்தாள். ஊதினாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

ஜெயகரன் உட்கார்ந்தபடியே அவள் சேலையை எட்டிப் பிடித்தான்.

"பயப்படாதீங்க. படிகாரம்தான். போன மாசமே மாத்தி வச்சிட்டேன். நானும் மில்காரன் பொண்ணுதான, பாத்தா தெரியாதா? நீங்களா வாயைத் திறந்து சொல்லணும்னுதான் இன்னிக்கு அந்த டப்பாவுலேந்தே எடுத்தேன்."

வின்னியின் முகத்தை முந்தானையால் துடைத்து, மூஞ்சி கழுவிக்கொள்ளச் சொல்லி உள்ளே அனுப்பினாள். பிறகு அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். சாயம் ஏறிய விரல்களால் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"தங்கத்துக்குன்னு சொல்றீங்க. இத்தனை நாள்ல ஒரு கூடை மண்ணுகூட இந்த வீட்டுக்கு வரலியேங்க. அப்ப அது மண்ணுக்கு இல்ல, உங்களுக்குத்தான்னு தெரிஞ்சப்புறம் நான் ராத்திரியில ஒழுங்கா தூங்கவே இல்ல."