திருத்தாத படம்

ஸ்டுடியோக்காரன் திரையில் குழந்தையின் முகத்தைப் பெரிதாக்கினான்.

இடது கண். சிவப்பு.

மௌஸை மெல்ல நகர்த்தினான்.

மேசைக்கு எதிரே நின்ற செவந்தி, இடுப்பில் இருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அவள் நின்ற இடத்திலிருந்து திரை தெரியாது. அவன் முகம்தான் தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலது கண்.

"செவப்புதாம்மா" என்றான். "ரெண்டுமே செவப்பு."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் வந்தது.

காலையில் ஸ்டுடியோ திறக்கும் முன்பே வந்து வாசலில் நின்றவள். பிள்ளை நிதினுக்கு இரண்டு வயது நாலு மாதம். வலது கண்ணில் புரை. போன மாதம்தான் கண்டுபிடித்தார்களாம். மதுரையில் பார்த்த டாக்டரம்மா பழைய படம் கேட்டிருக்கிறார். ஃபிளாஷ் போட்டு எடுத்தது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் தெளிவான கண் சிவப்பாகத் தெரியுமாம், புரை விழுந்த கண் வெள்ளையாக. அப்புறம் யாரும் கை வைக்காதது.

ஆல்பத்தில் இருப்பது உதவாது. ஆல்பத்தில் எல்லோருக்கும் கண் கறுப்பு. சிவந்த கண்ணைப் பேய்க்கண் என்பார்கள், படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் எல்லாப் படத்திலும் கண்ணைத் திருத்திவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவான். ஆனால் மூலப்படத்தை அழிப்பதில்லை. தேதி, பெயர், விசேஷம் என்று எழுதி, வருடவாரியாக வைத்திருந்தான்.

"பொறந்ததுலேருந்தே வெளுத்திருந்தா அந்தக் கண்ணு பாக்கவே பழகியிருக்காதாம்ணே. ஆப்ரேஷன் பண்ணியும் பெருசா பிரயோசனம் இல்லையாம். மொதல்ல தெளிவா இருந்து, நடுவுல வெளுத்திருந்தா நம்பிக்கை இருக்காம். எவ்வளவு நாளா மூடிக் கெடக்குன்னு தெரியணும்னாங்க. நாள் ஏற ஏற பழகினதும் மறந்துருமாம்."

திரையில் இருந்தது பெயர் வைத்த அன்று எடுத்த படம். அப்போது நிதினுக்கு மூன்று மாதம். அன்று தெளிவாக இருந்திருக்கிறது.

அவள் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த பென் டிரைவை அவிழ்த்துக் கொடுத்தாள். பயம் போனதும் பேச்சு வந்துவிட்டது.

"கண்ணுக்குள்ள ஒரு வில்லை இருக்காம்ணே. அதுக்கு ரத்தமே போகாதாம். அப்ப எப்படிம்மா உசிரோட இருக்குன்னு கேட்டேன். அதுல இருக்கற செல்லுங்க பக்கத்துச் செல்லுக்கு வாசல் வச்சிருக்குமாம். தண்ணி, சத்து, சேதி எல்லாம் கைமாத்திக் கைமாத்தி நடு வரைக்கும் போகுமாம். அதனாலதான் கண்ணாடியாட்டம் இருக்காம். ஒண்ணு வாங்கினதைக் குடுக்காம நின்னுட்டா, அந்த இடம் வெளுத்துருமாம்."

செவந்தி சித்தாள் வேலைக்குப் போகிறவள்.

"இது எங்க கான்கிரீட்டு வேலையாட்டம்ல இருக்குன்னேன். நடுவுல ஒருத்தி கையைக் கட்டிக்கிட்டு நின்னா, சட்டி எங்கிட்டுப் போய்ச் சேரும்? டாக்டரம்மா சிரிச்சிட்டாங்க."

அவனும் சிரித்தான்.

"நீங்க எடுத்த பொறந்தநாள் படத்தைத்தாண்ணே வீட்டுல பெருசா மாட்டியிருக்கோம். வர்றவங்க எல்லாம் கண்ணைத்தான் சொல்வாங்க. ரெண்டு கண்ணும் அப்படிப் பேசுதுன்னு."

அவள் சொன்னதால்தான் திறந்தான். கை தானாகப் போயிற்று. அடுத்த வருடம். நிதின். முதல் பிறந்தநாள்.

மூலப்படம்.

கேக்குக்குப் பின்னால் குழந்தை. இடது கண் சிவப்பு.

வலது கண் வெள்ளை.

சிப்பியின் உள்பக்கம் போல வெள்ளை.

கை மௌஸிலேயே இருந்தது. 

நினைவு இல்லை என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தான். நினைவு இருந்தது. சிவப்பை எடுக்கும் பட்டன் சிவப்பைத்தான் எடுக்கும். வெள்ளையை எடுக்கவில்லை. ஃபிளாஷ் எதிலோ பட்டுத் தெறித்துவிட்டது என்று எரிச்சல்பட்டான். இடது கண்ணைக் கறுப்பாக்கி, வெட்டியெடுத்து, திருப்பி, வலது கண்ணின் மேல் வைத்தான். ஓரம் தெரியாமல் தேய்த்தான். மொத்தம் ஐந்து நிமிட வேலை. நன்றாக வந்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுகூட நினைவு இருந்தது.

செவந்தி வீட்டுச் சுவரில் இருப்பது இரண்டு இடது கண்கள்.

அந்தப் படம் எடுத்து ஒரு வருடம் நாலு மாதம்.

"படம் ஏறிருச்சாண்ணே?"

ஏறியிருந்தது. கழற்றி நீட்டினான். அவள் அதைக் கைக்குட்டையில் வைத்து முடிந்தாள். ஒரு முடிச்சு. மேலே இன்னொரு முடிச்சு. அவள் கேட்டது பெயர் வைத்த அன்று எடுத்த படம் ஒன்றுதான். அது அவள் கைக்குப் போய்விட்டது.

"நல்ல வேளைண்ணே, பழசை அழிக்காம வச்சிருந்தீங்க" என்றாள். "இவனுக்குப் பார்வை வரட்டும். மொத ஆளா உங்களைத்தான் வந்து பாக்கச் சொல்வேன். டேய், மாமாவுக்கு டாட்டா காட்டு."

பிள்ளை முகத்தை முழுக்கத் திருப்பி, இடது கண்ணை அவனுக்கு நேரே கொண்டுவந்து, கையை ஆட்டினான்.

அவள் வாசலில் நின்று செருப்பில் காலை நுழைத்தாள். ஒரு கால். மறு காலுக்குச் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. கால் விரலால் அதைப் புரட்டினாள்.

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"செவந்தி."

திரும்பினாள்.

"பொறந்தநாள் படமும் ஒண்ணு இருக்கும்மா. டாக்டரம்மாவுக்குக் குடுக்கணும்."

செருப்பைக் கழற்றிவிட்டு, கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, சிரித்த முகத்தோடு அவள் உள்ளே வந்தாள்.