விளக்குக்கு இல்லாத மூக்கு

மங்கை டீச்சர் வீட்டுக்கு வந்த புது விளக்குக்குத் தன் மூளையைப் பற்றி ரொம்பப் பெருமை. மூன்றே மாதத்தில் டீச்சரின் பழக்கமெல்லாம் அதற்கு அத்துப்படி. சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் உள்ளே வந்ததும், பரீட்சைத் தாள் திருத்த வசதியாக, யாரும் சொல்லாமலே முழு வெளிச்சம் போடும்.

அன்றைக்கும் போட்டது. டீச்சர் கண்ணைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

“கொஞ்சம் மங்கலா எரியேன்” என்றது மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி.

“இந்த நேரத்துக்கு முழு வெளிச்சம்தான் அவங்களுக்குப் பிடிக்கும். மூணு மாசமா பாத்துத்தானே கத்துக்கிட்டேன். சும்மா சுத்துற உனக்கு என்ன தெரியும்?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. காத்துல தைல வாசம் வருது. தலைவலி போல.”

விளக்குக்கு மூக்கு கிடையாது. வெட்கத்தோடு வெளிச்சத்தைத் தணித்துக்கொண்டது. விசிறியும் தன் கடகடப்பை அடக்கி மெதுவாகச் சுற்றியது.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் கண்ணிலிருந்து கையை எடுத்தார். “நல்லா இருங்கப்பா” என்றார், யாரிடம் என்றில்லாமல். விளக்குக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அந்த வாழ்த்து யாரால் வந்தது என்றும் அதற்குத் தெரியும்.

மறுநாள் ஆறு மணிக்கு வாசலில் டீச்சர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. விளக்கு உடனே எரியவில்லை.

“அண்ணே” என்றது விசிறியிடம், “இன்னைக்கு என்ன வாசம் வருது?”