வலிக்கு வைத்த பதில்

பக்கவாதத்தில் என் கணவர் சங்கரலிங்கத்துக்குப் பேச்சு போனது. மூளையில் பொருத்திய சிப், அவர் சொல்ல நினைப்பதைச் சட்டைக் காலரில் இருந்த சிறிய ஸ்பீக்கர் வழியாக அவருடைய குரலிலேயே பேசியது. கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றையும் மழுப்பியே பழகியவரால் இனி என்னிடம் எதையும் மறைக்க முடியாது என்று உள்ளூர எனக்கு ஒரு சந்தோஷம்.

என் தங்கை மகளின் வளைகாப்பன்று அவர் முகம் வேர்த்திருந்தது.

"நெஞ்சு கிஞ்சு வலிக்கா?" என்றேன்.

"ஒண்ணுமில்லட்டி கோமு. நீ போய்ட்டு வா. எனக்குப் புளியோதரை மட்டும் எடுத்துட்டு வந்துரு."

நம்பிப் போனேன். திரும்பி வந்தபோது அவர் உடம்பு குளிர்ந்திருந்தது.

காரியம் முடிந்ததும் ஸ்பீக்கரை ஒப்படைக்க மருத்துவமனைக்குப் போனேன். சிப்புக்கு நிரல் எழுதிய ஜெனிபா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார் மேல கோவப்படாதீங்கம்மா. வலி வந்தா 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்ற மாதிரி மாத்தச் சொன்னது அவங்கதான். 'எம் பொண்டாட்டி ஊரைக் கூட்டிருவா. பேட்டரியும் மிச்சமாகும்லா'ன்னு சிரிச்சாங்க."

"உனக்கு அவர் வலி தெரியுமா?"

"மாசாமாசம் இந்த ரூமுக்குள்ள செக்கப்புக்கு வந்ததும் அந்த மாத்தத்தை நிறுத்திருவேன். அப்ப எல்லாத்தையும் சொல்லி அழுவாங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்கம்மா."

மாதம்தோறும் அவர் அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வரும்வரை, அந்தக் கதவுக்கு வெளியே பெஞ்சில் நான்தான் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.